இடதுபக்கம் கேட்காது

வண்ணார்பேட்டையில் ஒரு மாடிக்கடை.
புதுசெல்லாம் கண்ணாடிக்குள், விலைச்சீட்டு குப்புற.
"எவ்வளவு வச்சிருக்கிய?"
சொன்னேன்.
பின்னறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே யார் யாரிடமோ உழைத்தவை,
ஸ்டிக்கர் உரித்த தடம் முதுகில்.

ராம் எட்டு ஜிபி இருக்கா என்றான் அண்ணன்.
அப்பா, மேலப்பாளையம் சந்தையில்
குட்டியைத் தூக்கிப் பார்ப்பதுபோல்
ஒரு கையில் தூக்கி
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
முக்கூடல் பஸ்ஸில் உட்கார எனக்கு
இடம் கிடைக்காதென்று அவருக்குத் தெரியும்.

பேட்டரி நாற்பது நிமிஷம் நிற்கும்.
ஸ்பேஸ் பாரை இடதுபக்கம் தட்டினால் கேட்காது.
அதற்காக முந்நூறு குறைத்தார்கள்.
நான் வலதுகைக்காரி.

ராத்திரி திறந்தால்
அழிக்க மறந்த ஒரு ஃபோல்டர்:
பயோடேட்டா
பயோடேட்டா புதுசு
பயோடேட்டா கடைசி
பயோடேட்டா நெசமாவே கடைசி.
ஜெபத்துரை, நாங்குநேரி, பி.இ. மெக்கானிக்கல்.
மார்ச் பதினொன்றோடு நிற்கிறது.

வேலை கிடைத்து விற்றாரா,
கிடைக்காமல் விற்றாரா.

அவர் எழுதிய வரிகளில்
இரண்டிரண்டு வார்த்தைகள்
ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.
இடதுகைக்காரராக இருந்திருப்பார்.

அழிக்கவில்லை.
எல்லாம் சேர்த்து நாலு எம்பிதான்.