கம்பியில் ஒரு சீட்டு

கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால்
லாட்டரிக் கடை.
இந்தப் பக்கம் விற்கக் கூடாதது
அந்தப் பக்கம் குடை விரித்து, மேசை போட்டு,
மைக்கில் கூவி விற்கிறது.
கிட்டுசாமி வாரம் ஒன்று வாங்குவார்.
விழாததை வாசலிலேயே கிழித்துப் போடுவார்.
பெருக்குவது நான்.

தை கடைசியில்
துணி காயப்போடும் கம்பியில்
விரல் நீளத்துக்கு ஒட்டடை தொங்கியது.
தட்டிவிடத் துடைப்பத்தோடு போனேன்.
கீச்சென்று ஒன்று
மூக்குக்கு நேரே வந்து காற்றில் நின்றது.
நெல்லிக்காய் எடைகூட இருக்காது,
கோபம் மட்டும் ஆளுயரம்.
துடைப்பத்தைத் தாழ்த்திக்கொண்டேன்.

தேன்சிட்டு.
கட்டுவதெல்லாம் பொட்டைதான்.
ஆண், ஊதாவும் மஞ்சளுமாய் மினுக்கிக்கொண்டு
முருங்கைக் கொம்பில் மேஸ்திரிபோல் உட்கார்ந்து
பாடும்.
ஒரே ஒரு தடவை நார் ஒன்று கொண்டுவந்தது.
பொருந்தவில்லையோ என்னவோ,
பொட்டை அதைப் பிடுங்கிக் கீழே போட்டது.

தேங்காய்க் களத்துக் கணக்கு நோட்டில்
கடைசிப் பக்கத்தில் குறிக்கத் தொடங்கினேன்:
சிலந்தி நூல். பன்னாடைத் துணுக்கு.
புழு எச்சம்.
ஓமனா வீட்டுப் பூனையின் மயிர்.
சீப்பிலிருந்து என் நரைமுடி ஒன்று.
இளஞ்சிவப்புக் காகிதம், நாலு எண்களோடு,
கூட்டு வாசலின் இறவாணத்தில்
தலைகீழாக.

ஐந்து நாள் கழித்துத்தான் இவருக்கு உறைத்தது,
பார்த்தது முந்தின நாள் பேப்பர் என்று.
ஐயாயிரம் விழுந்திருக்கிறது, கடைசி நாலு எண்ணுக்கு.
எண் மனப்பாடம் என்கிறார், கல்யாணத் தேதி போல.
கல்யாணத் தேதி அவருக்கு மனப்பாடம் கிடையாது.
சட்டைப்பையில் அகப்பட்டது பாதிச் சீட்டு:
இரண்டு எழுத்து, இரண்டு எண்.
"மற்றப் பாதியை ஒட்டிக் கொண்டு வா, நோக்காம்"
என்றானாம் ஏஜென்ட் சசீந்திரன்.
முப்பது நாளைக்குள்.

குப்பைக்குழியை முறத்தில் அள்ளிச் சலித்தார்.
எருமேட்டைக் கிளறினார்.
சமையல்கட்டுக்கு வந்து என்னைக் கேட்டார்.
பெருக்கினேன் என்றேன்.
பொய்யில்லை.

பவுடர் டப்பாக் கண்ணாடியைத் தூக்கிக் காட்டிப் பார்த்தேன்.
உள்ளே இரண்டு முட்டை,
சாம்பல் தெளித்தது மாதிரி.
முட்டைக்குப் பதினைந்து, குஞ்சுக்குப் பதினாறு என்று
ஓமனாவின் மகன் போனில் பார்த்துச் சொன்னான்.
கூட்டிப் பார்த்தேன்.
சீட்டின் கெடு முடிந்து
நாலு நாள் கழித்துத்தான் கூடு காலியாகும்.
தேங்காய்க் கணக்கில் ஒருநாளும் தப்பாத கை;
இதையும் இரண்டு தடவை கூட்டியது.

மாசியில் ஒரு ராத்திரி
கணவாய்க் காற்று ஓட்டைப் பெயர்க்கிற மாதிரி அடித்தது.
கூடு என்ன ஆச்சோ என்று
டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன்.
முருங்கை பேயாட்டம் ஆடிக்கொண்டிருக்க
கம்பி மட்டும் அசையவில்லை.
இரண்டு பக்கமும் மூங்கில் முட்டுக்கொடுத்து
கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தது.
லாரிப் பாரத்துக்குப் போடுகிற முடிச்சு.
இந்த வீட்டில் அது ஒருத்தருக்குத்தான் வரும்.

அந்த முடிச்சைப் போட அங்கே நின்றால்
எண்கள் நேரே கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

திரும்பி வந்து படுத்தேன்.
குறட்டை கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

கெடு முடிந்த அன்று
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கருவாடு வாங்கி வந்தார்.
பங்குனி முதல் வாரத்தில்
ஒன்று பறந்தது, மற்றது கம்பியிலேயே
அரை நாள் உட்கார்ந்து யோசித்தது.
காகிதம் வெளுத்து, எச்சம் பட்டு,
ஏழா ஒன்றா என்று தெரியாமல் கிடக்கிறது.
எடுக்கவில்லை.

சீட்டு வாங்குவதை அவர் நிறுத்தவில்லை.
விழாததை இப்போது நீளவாக்கில்,
நார் நாராக,
மதில்மேல் வைத்துக் கிழிக்கிறார்.