விரிசல் எண் 212

நிலத்தடியில் ரயில் வரப்போகிறது.
அதற்கு முன்னால் நான் வருவேன்,
கேமராவோடு, ஒரு டார்ச்சோடு,
மில்லிமீட்டர் அச்சடித்த பிளாஸ்டிக் அட்டையோடு.

சுரங்கம் தோண்டி என் சுவரைப் பிளந்துவிட்டீர்கள்
என்று நாளை நீங்கள் வந்து நின்றால்
இல்லை, இது முன்பே இருந்தது என்று காட்ட
கம்பெனிக்கு ஒரு படம் வேண்டும்.
அவ்வளவுதான் என் கலை.

கோலாலம்பூரை நான்
முப்பது சென்டிமீட்டர் தூரத்தில்தான் பார்க்கிறேன்.
புடுவில் ஒரு முடிதிருத்தும் கடையின் பின்சுவர்.
செந்தூலில் ஈரம் காயாத குளியலறைத் தரை.
கம்போங் பாருவில் படிக்கட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே
ஒரு சிகரெட் நுழையும் இடைவெளி.
உள்ளே உண்மையிலேயே ஒரு சிகரெட் இருந்தது,
மனைவிக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தது.
அபாங் ஃபௌசி என் முகத்தையே பார்த்தார்.
அட்டையை வைத்தேன். எட்டு மில்லிமீட்டர்.
சிகரெட்டைக் கையில் கொடுத்துவிட்டுப்
படம் எடுத்தேன்.

நேராக வெளிச்சம் அடித்தால் விரிசல் தெரியாது.
ஃபிளாஷ் போட்டால் எந்தச் சுவரும் யோக்கியன்தான்.
டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும்,
கன்னத்தில் கன்னம் வைக்கிற மாதிரி.
அப்போது பாருங்கள்,
வெள்ளைச் சாயத்தில் ஒரு மலைத்தொடர் எழும்பும்.
ஆணி பிடுங்கிய ஓட்டை கிணறாகும்.
பெயின்டர் அவசரத்தில் விட்டுப்போன தூரிகை முடி
ஒற்றைப் பனையாய் நிழல் நீட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருமுறை மாடிப்படிக்குக் கீழே
இரண்டு விரிசல்கள் கூடுவதைக் கண்டேன்,
கிள்ளானும் கோம்பாக்கும் கூடுகிற அதே சாய்வில்.
கூடுமிடத்தில் மசூதி இல்லை,
ஒரு பல்லி இருந்தது.
அது நகரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி.
காத்திருக்கவில்லை.

விரிசல் எண் 212
மேடம் லோவின் கடைவீட்டில், முதல் மாடி, கதவோரம்.
பக்கத்திலேயே பென்சில் கோடுகள்:
வெய் ஜியே, ஆறு வயது.
ஏழு.
ஒன்பது.
எட்டைக் காணோம்.
ஒன்பது வரை விரிசல் கூடவே வந்திருக்கிறது.
அதற்கு மேல் தனியாகப் போகிறது, கூரைவரை.
பையன் இப்போது பெர்த்தில் என்றாள் மேடம் லோ,
தக்காளி நறுக்கிக்கொண்டே.
இடைஞ்சலாக இருந்தால் அழித்துவிடவா என்றாள்.
வேண்டாம் என்றேன்.
இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

அலுவலகத்திலிருந்து ஷம்சூரி திருப்பி அனுப்பினார்:
சட்டகத்தில் தேவையில்லாதது இருக்கிறது.
வெட்டிக் கொடுத்தேன்.
வெட்டி எறிந்த பாதி என் கைபேசியில் இருக்கிறது.
ஏழு வயது, ஒன்பது வயது,
நடுவில்
எதுவும் எழுதாத சுவர்.

ஞாயிற்றுக்கிழமை கே.எல்.சி.சி. நீரூற்றுப் பக்கம்
ஈப்போவிலிருந்து வந்த புதுஜோடி ஒன்று கைபேசியை நீட்டியது.
அக்கா, கோபுரம் முழுசா வரணும்.
சுற்றிலும் ஆட்கள் மல்லாந்து படுத்துக்கொண்டு
இதே படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
நானும் குனிந்தேன், பார்த்தேன்,
எனக்குக் கோபுரங்கள் தெரியவில்லை.

வானம்தான் தெரிந்தது.
இரண்டு எஃகுச் சுவர்களுக்கு நடுவே
மேலிருந்து கீழாக ஒரு வெளிச்ச விரிசல்.
குறுக்கே அந்தப் பாலம்,
விரிசல் இன்னும் விரிகிறதா என்று அறிய
நாங்கள் பசைபோட்டு ஒட்டுவோமே
சின்னக் கண்ணாடித் துண்டு, அது போல.
உடைந்தால் விரிகிறது என்று அர்த்தம்.
உடையவில்லை.
அழுத்தினேன்.

அவள் படத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினாள்.
என்ன அக்கா, நாங்க எங்கே?

அதோ, அடியில்,
ஒரு விரற்கடை உயரத்தில் இரண்டு பேர்.
அளவுகோல் இல்லாமல்
நான் படம் எடுப்பதில்லை, தங்கச்சி.