கம்பி அளக்கிறது

ஒருவன் புளுகினால்
"அளக்கிறான்" என்போம்.
வின்னிபெக் ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில்
எனக்கு அதுதான் உத்தியோகம்:
முடி தடிமனில் ஒரு கம்பி
இதயத்துக்குள் போய் அளப்பதைக்
கண்ணாடிக்கு இப்புறம் உட்கார்ந்து
கேட்டுக்கொண்டிருப்பது.

இன்று மேசையில் வால்டர் ஃப்ரீசன்.
இரவெல்லாம் பனி வழிக்கும் லாரி ஓட்டுகிறவர்.
மருந்து ஏறியதும்
"நெஞ்சில் எவனோ உட்கார்ந்துவிட்டான்" என்றார்.
ஒரு நிமிஷம்தான், என்றேன் மைக்கில்.
அடைப்புக்கு முன்னால் சிவப்புக் கோடு,
பின்னால் பச்சை.
பாகம் பிரிக்க வந்த பங்காளிகள் மாதிரி
விலகிக்கொண்டே போயின.
0.78.

எண்பதைத் தாண்டவில்லை என்றால் ஸ்டென்ட்.
எண்பத்தொன்று என்றால் மாத்திரையோடு வீடு.
டாக்டர் மெக்கார்டில் கை நீட்டிவிட்டார்.
நர்ஸ் பெட்டியைப் பிரிக்கப் போனாள்.

"கம்பியை ஒருதரம் பின்னால் இழுங்கள்" என்றேன்.
குரல் எனக்கே கறாராகக் கேட்டது.

எல்லாம் போன வியாழனால்.
கிம்லியிலிருந்து வந்த அந்த அம்மாள்,
பத்து விரலிலும் நீல நகச்சாயம்.
ஆக்சிஜன் கருவி ஏமாறக்கூடாதென்று
ஒரு விரலில் மட்டும் சுரண்டி எடுத்தோம்,
அவ்வளவு ஜாக்கிரதை.
0.84. ஒன்றுமில்லை என்று அனுப்பினோம்.
தட்டை ஒழிக்கும்போதுதான் பார்த்தேன்
வால்வின் வாயில் செருகியபடியே
உருவ மறந்த ஊசியை.
அதன் துளை வழியே ஒழுகி ஒழுகி
முன்னால் இருந்த அழுத்தம் இளைத்துப்போய்ப்
பின்னால் இருந்ததோடு ராசியாகியிருக்கிறது.
சொன்னேன்.
டாக்டர் அங்கேயே நின்றபடி போன் போட்டார்.
அடித்துக்கொண்டே இருந்தது.
மறுநாளும்.
திங்கட்கிழமைதான் எடுத்தார்:
ஏரிக்குப் போயிருந்தேன்,
ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்க.
நாளைக்கு வருகிறார்.

கம்பி கதீட்டரின் நுனிக்குத் திரும்பியது.
இங்கே ஒரே இடம், ஒரே ரத்தம்;
கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படுக்க வேண்டும்.
காட்டியது 0.95.
உடம்புச் சூட்டில், ஈரத்தில்,
யாருக்கும் தெரியாமல் தன் பூஜ்யத்தை விட்டுக்
கம்பி நீட்டியிருக்கிறது கம்பி.

மறுபடி சமன்செய்து, மறுபடி மருந்து,
மறுபடி நெஞ்சில் அதே ஆள்.
ஃப்ரீசன் ஏதோ பழைய ஜெர்மனில் எங்களைத் திட்டினார்.
0.83.
பெட்டி அலமாரிக்குப் போனது.

"இப்போது சொல்வதுதான் நிஜமா?"
நிஜம் என்றேன்.
இரண்டாம் முறை இழுத்துப் பார்த்தபோது
0.99.
ஏற்கத்தக்கது என்று கையேட்டில் இருக்கிறது.
அந்த மிச்சம் ஒன்றை
அவரிடம் சொல்லவில்லை.