அவசரத்துக்கு வைத்தது

முப்பது உதைக்குப் பிறகு எண்ணவில்லை.
பற்றரி செத்தது தெரிந்ததுதான்.
பிளக்கைக் கழற்றித் தேய்த்தேன்; பொறி நீலமாய்ப் பாய்ந்தது.
சைலன்சருக்குள் குளவி கட்டிய மண்ணைக்
குடைக்கம்பியால் குத்தி உதிர்த்தேன்.
பிறகும் இருமல் மட்டும்தான்.

“டேங்கத் தொறந்து மணந்து பாருங்க” என்றான்
மருதமுனை நிஸ்பர், போனில்.

வார்னிஷ் வாடை.
களுவாஞ்சிகுடி செட் வரிசையில் இரண்டு இரவு,
நுளம்புக்குச் சாரத்தைத் தலைவரை இழுத்துப் படுத்து
வாங்கின பெற்றோல்.
அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்தது.

அவசரம் வந்த அன்று
வசந்தமலர் சீற்றில் பிடித்து இருக்கும் நிலையில் இல்லை;
ஓட்டோவில் போனோம்.
திரும்பி வந்த ஓட்டோவில் இடம் கிடந்தது.

காபரேட்டர்க் கிண்ணத்தில் தேன்போல் பிசின். சுரண்டினேன்.
பழசை மணலில் ஊற்ற மனம் வரவில்லை.
தகரத்தில் வடித்தேன், வேலிக்கட்டைக் கறையானுக்கு ஆகும்.

புதுசு ஊற்றி நாலாம் உதையில் பிடித்தது.
நிறுத்தப் பயந்து
வாசலிலேயே உறுமவிட்டேன்.