நூற்றொன்பது

ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின ராத்திரி
மாதவரத்திலிருந்து குட்டியானையில் வந்திறங்கின
நூற்றுப்பத்துத் தொட்டிகள்.
டேலியா, சாமந்தி, பெயர் தெரியாத ஊதா ஒன்று.
ரசீதில் கையெழுத்துப் போட்டவன் நான்.

எங்கள் தண்டையார்பேட்டைத் தோட்டத்தில்
குரோட்டன்ஸ் முதல் இட்லிப்பூ வரை
கன்டெய்னர் லாரிப் புழுதியில் ஒரே நிறம்.
ஏசுபாதம் விடியவிடிய ஈரத்துணியால்
இலை இலையாகத் துடைத்தார்,
பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் காதோரம்போல.

குழு காரிலிருந்து இறங்கி
நேரே ஏ.சி. அறைக்குள் போனது.
அதிலொரு அம்மா மட்டும் நின்று
சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரில் வழியும் காகிதப்பூவைக் காட்டி
"இது யார் வைத்தது?" என்றார்.
யாரும் வைக்கவில்லை.
வெள்ளம் வந்த வருஷம் ஒடிந்து மிதந்த குச்சி.
"தாவரவியல் துறை" என்றார் பிரின்சிபால்.

மறுநாள் எண்ணித் திருப்பினோம்.
நூற்றொன்பது.
ஒன்று உடைந்தது என்று எழுதி
என் பையிலிருந்து எண்பது ரூபாய் கொடுத்தேன்.
உடைந்த ஓடு ஒன்றும் இல்லை.

மோட்டார் ரூம் பின்னால், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே
அந்த ஊதா.
நான் பார்த்ததை ஏசுபாதம் பார்த்தார்.
இருவரும் தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றிப் பேசினோம்.

இந்த வாரம் அதற்கும்
எங்கள் நிறம் வந்துவிட்டது.
மொட்டு இரண்டு.