மழைக்கோட்டுக்காரன்

அவனுக்கு முகமே கிடையாது.
தார்ப்பாய் நிறத்தில் ஒரு மழைக்கோட்டு,
கையில் டார்ச்,
தொப்பிக்குள் வெறும் இருட்டு.
மூன்றாம் கட்டத்தில், ஒன்பதாம் மதகில் நிற்பான்.
"தண்ணி வருது, தள்ளி நில்லு" என்பான்.
அவ்வளவுதான் விளையாட்டில் அவனுக்கு வேலை.
தள்ளி நிற்காதவர்கள் செத்தோம்.
நான் பதினோரு முறை.

தண்ணி என்பதைக் கொஞ்சம் இழுப்பான்.
"நம்ம பாமணியாத்தங்கரை ஆளுடி இது"
என்றான் நூர்தீன் முதல் நாளே.

ஆடிப்பெருக்கன்று அப்டேட் வந்தது, மூணேகால் ஜிபி.
இறங்கி முடித்துப் பார்த்தால்
மழைக்கோட்டைக் காணோம்.
அந்த இடத்தில் அந்த நடிகர்.
பெயர் வேண்டாம், மன்னார்குடிச் சுவர்களில் பாதி அவர்தான்.
கொட்டுகிற மழையில் நனையாத தலைமுடி,
நடுராத்திரியில் கறுப்புக் கண்ணாடி.
ஷட்டரைத் திருகவில்லை, ஒரே உதை.
"நான் வந்தாத்தான் தண்ணியே வரும்"
என்று எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு.

உதைத்துத் திறந்தால்
எந்த ஊர் வாய்க்கால் தாங்கும்?
நான் பூச்சிமருந்துக் கடையில் பில் போடுகிறவள்.
முறைத் தண்ணீருக்கு அடித்துக்கொண்டு
மண்டைக் கட்டோடு யூரியா வாங்க வருகிறவர்களுக்கு
சில்லறை எண்ணிக் கொடுப்பவள்.
நட்சத்திரத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன்.
அதற்கும் கீழே போட வழியில்லை.

அன்றிரவு பத்தரைக்கு
நானூறு பேர் ஒன்பதாம் மதகில் கூடி
அவருக்கு முதுகைக் காட்டி நின்றோம்.
முதுகுகளிடம் வசனம் பேசினார்.
வெள்ளம் வந்தது, நானூறு பேரும் செத்தோம்.
பிறந்து வந்து
மறுபடி முதுகு காட்டினோம்.
தெட்சிணா மட்டும் ஒரு தடவை திரும்பி
"முடிய நல்லாத்தான் வரைஞ்சிருக்கானுங்க" என்றான்.
மூன்று நாள் அவனைச் சேர்க்கவில்லை.

மன்றத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா?
கேமிங் சென்டர் வாசலை மறைத்து பேனர்,
நாலாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு மாலை.
சம்பங்கி இதழ் விசைப்பலகைக்குள் போய்
முன்னே நடக்கும் பொத்தான்
ரெண்டு நாள் அமுங்கவில்லை.

வியாழக்கிழமை, பேருந்து நிலையம்.
"நீடாமங்கலம் வழி தஞ்சாவூர்... வண்டி வருது, தள்ளி நில்லு"
நூர்தீன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.
அதே இழுப்பு.

டைம் கீப்பர் அறையில் மைக்கோடு ஓர் ஆள்.
பெயர் சௌரிராஜன்.
பஜ்ஜி எண்ணெயைப் பேப்பரில் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"ஆமா, தஞ்சாவூர்ல ஒரு ரூம்ல பேசச் சொன்னாங்க.
ரெண்டாயிரம் குடுத்தாங்க. எதுக்குன்னு கேக்கல."

உங்களைத் தூக்கிட்டாங்க அண்ணே என்றோம்.
நடிகரைப் போட்டுட்டாங்க, நாங்க விடமாட்டோம் என்றோம்.
எந்த நடிகர் என்றார்.
சொன்னோம்.
எழுந்து நின்றுவிட்டார்.

"அவரா! என் எடத்துலயா!"

மைக்கை அணைக்கவில்லை.
திருத்துறைப்பூண்டி வண்டிக்கு நின்ற கூட்டம் மொத்தமும்
கூரையில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தது.
அவருடைய செல்போன் உறையில்
அதே கறுப்புக் கண்ணாடி சிரித்தது.

நூர்தீன் காட்டினான்.
மூன்று தடவை பார்த்தார், உதைக்கு விசிலடித்தார்.
நாலாம் தடவை கேட்டார்:
"தள்ளி நில்லுங்கிறத எப்பச் சொல்றாரு?"

சொல்லமாட்டார். அதை எடுத்துட்டாங்க.

நாற்காலியைப் பின்னால் தடவித் தேடி உட்கார்ந்தார்.
"அதச் சொல்லணுமே.
சொல்லாட்டி ஆளுங்க செத்துருவாங்களே."

நானூறு பேர், என்றேன். தினமும்.

வெளியே தனியார் வண்டியொன்று
கண்டக்டர் இல்லாமல் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.
அவர் மைக்கிடம் திரும்பினார்.