விலகிய காரணம்

படிவம் இந்த இடத்தில்தான் நிற்கிறது.
பதவி. ஊர். எப்போதிலிருந்து எப்போது வரை.
அடுத்த பெட்டிக்குள்
ஒரு கோடு கண்சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

டண்டீயில் இரவு எட்டரை.
கூடத்தின் பின்னறையில்
பந்துக் கூண்டுக்கும் ஈரத் துடைப்பத்துக்கும் நடுவே
மடிக்கணினி என் முழங்காலில்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஐலா ஃப்ரீ த்ரோ போடுகிறாள்.
விழுந்ததா என்பது ஓசையிலேயே தெரியும்.
விழவில்லை.

சந்தர்லாந்து. துணைப் பயிற்சியாளர். ஊதியமில்லை.
வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல்
வேலை செய்யாதே என்றது விசா.
இது வேலையே அல்ல என்றது பல்கலைக்கழகம்.
ஆக, யாருக்கும் சிக்கலில்லை.
பதினேழு இருக்கை வேன் ஓட்ட அங்கேதான் கற்றேன்:
பின்னால் பதினொரு பெண்கள் உறங்க,
முப்பது புள்ளித் தோல்வியை
வைப்பர் துடைக்கத் துடைக்க
மறுபடி மறுபடி கண்ணாடியில் பார்த்தபடி.
விலகிய காரணம்: படிப்பு முடிந்தது.

பிளைமவுத். மகளிர் இரண்டாம் அணி.
தலைமைப் பயிற்சியாளர் கரெத்
டைம் அவுட்டில் என் கையிலிருந்து பலகையை வாங்கி
நான் வரைந்ததையே மறுபடி வரைவார்,
இன்னும் தடித்த பேனாவில்.
விலகிய காரணம்: பேனா
என்று அடித்தேன். அழித்தேன்.

டண்டீ, ஒன்பது வருடம், இன்றுவரை.
இந்தத் தரையில் ஐந்து நிறங்களில் கோடுகள்.
இறகுப்பந்துக்குப் பச்சை, நெட்பாலுக்குச் சிவப்பு,
நீலம் எதற்கென்று காவலருக்கே தெரியாது.
கறுப்பை மட்டும் நம்புங்கள் என்பதுதான் என் முதல் பாடம்.
ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருத்தி
மஞ்சளில் நின்று எறிந்துவிட்டு
மூன்று புள்ளி என்று கையைத் தூக்குகிறாள்.

ஜூலையிலிருந்து என் பதவியைப் பாதியாக்குகிறார்கள்.
பாதிப் பயிற்சியாளர் எதைச் சொல்லித்தருவாள்?
தாக்குதல் மட்டுமா?
தடுப்பு மட்டுமா?

சுவான்சீயில் முழுப் பதவி இருக்கிறது.
விவரங்களுக்குத் தொடர்புகொள்க:
மோர்வென்னா பெங்கெல்லி.

பிளைமவுத்தில், அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை,
நான் ஒட்டிய காகிதத்தில் பன்னிரண்டு பெயர்கள்.
அவள் பதின்மூன்றாவது.
ஒட்டிவிட்டு ஓடிவிடுவது கரெத்தின் வழக்கம்.
நான் பக்கத்திலேயே நின்றேன்,
அதைத் துணிச்சல் என்று நினைத்துக்கொண்டு.
மேலிருந்து கீழே படித்தாள்.
கீழிருந்து மேலே படித்தாள்.
"டேப் கோணலா ஒட்டியிருக்கு" என்றாள்.
பிரித்து, நேராக ஒட்டிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து எந்தப் பட்டியலையும்
நேராகத்தான் ஒட்டுகிறேன்.
அதை எந்தப் பெட்டியில் எழுதுவது?
கூடுதல் தகுதிகள், இருநூறு சொற்களுக்கு மிகாமல்?

கதவைத் திறந்துகொண்டு இறகுப்பந்துக்காரர்கள்
கம்பங்களை உருட்டி வருகிறார்கள்.
"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்கிறாள் ஐலா.
சரி என்கிறேன்.
விழவில்லை.
"இன்னும் ஒண்ணு."

கடைசிப் பெட்டியில்
"மணி ஒன்பது ஆகிவிட்டது" என்று அடித்து,
அழிக்காமல் சேமித்துவிட்டு,
பந்துகளை எண்ணப் போகிறேன்.
பதின்மூன்று இருக்க வேண்டும்.
பன்னிரண்டு.
மற்றது இன்னும் அவள் கையில்.